தண்ணீர் வந்த வழி

மூன்றாவது தடவை அதிர்ந்தபோதுதான் போனை எடுத்தேன். பரீட்சைக்கு முந்தின வாரம். வகுப்பில் போன் எடுப்பது எனக்கே பிடிக்காத காரியம். வித்துராவைத் தாண்டி, தேயிலை எஸ்டேட் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவுக்கு நான் டீச்சர். வீடு திருவனந்தபுரத்தில், ஆரியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில். நடுவில் இரண்டு மணி நேர பஸ் தூரம். அழைத்தது எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் சேச்சி. ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்க்கிற நர்ஸ், பகலில்தான் தூங்குவார். பதினொன்றரை மணிக்கு அவர் அழைக்கிறார் என்றால் நல்ல செய்தியாக இருக்க வழியில்லை.

மேலிருந்து தண்ணீர் கொட்டுகிறது என்றார். முதலில் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்து முழிப்பு வந்ததாம். விளக்கைப் போட எழுந்து போயிருக்கிறார். சுவிட்சில் கை வைப்பதற்குள் கூரைப்பூச்சு பாளமாகப் பெயர்ந்து கட்டிலில் விழுந்திருக்கிறது, சரியாகத் தலையணை இருந்த இடத்தில்.

"ஒரு மினிட்டு கூடி கிடந்நிருந்நெங்கில் ஞான் இல்ல டீச்சரே" என்றார். இன்னும் ஒரு நிமிடம் படுத்திருந்தால் செத்திருப்பேன் என்பதை இவ்வளவு அமைதியாகச் சொன்னது என்னை இன்னும் பயமுறுத்தியது.

கேட்ட மாத்திரத்தில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. காலையில் குழாயைத் திறந்து போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே. நான் வளர்ந்த காலத்தில் அங்கே குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும். சில சமயம் பத்து நாள் ஆகும். எந்நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் குழாயைத் திறந்தே விட்டு, அடியில் ஒரு காலிக் குடத்தை வைத்துவிடுவோம். எவர்சில்வர் குடமாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் குடம் சத்தம் போடாது. முதலில் குழாய் காற்றைச் சீறும். பிறகு தண்ணீர் குடத்தின் அடியில் விழுந்து கணகணவென்று அடிக்கும். அதைக் கேட்டுவிட்டால் யார் எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி ஓடி வருவோம். வெளியே கிளம்பும்போது குழாயை அடைக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. ஊரில் எங்கள் வீட்டில் ஆள் இல்லாத நேரம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

திருவனந்தபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்திரண்டு வருஷம் ஆன பிறகும் இந்தக் கை அதை விடவில்லை. மழைக்குக் குறைவில்லாத ஊர்தான், ஆனாலும் ரோட்டில் எங்கேயாவது பைப் தோண்டினால் இரண்டு நாள், மூன்று நாள் குழாய் வறண்டுவிடும். அந்த வாரமும் அப்படித்தான். விடிவதற்கு முன்பே அடுக்களைக்குப் பின்னால் இருக்கிற வொர்க் ஏரியாவில் குடத்தை வைத்தேன், குழாயைத் திறந்தேன், இட்லியை டப்பாவில் அடைத்தேன், செருப்பைப் போட்டுக்கொண்டு தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். வொர்க் ஏரியாவில் தண்ணீர் போகிற துவாரத்தில் கரப்பான் ஏறாமலிருக்கப் பழைய துணியை அடைத்து வைத்திருந்தவளும் நான்தான்.

இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "என் தப்பு சேச்சி" என்று சொல்ல மூன்று வார்த்தைதான். ஆனால் அந்தத் தலையணை கண்முன் வந்து நின்றது. ஒரு மனுஷியைக் கொல்லப் பார்த்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வேன்? நாக்கு தன்பாட்டுக்கு ஒரு வழி கண்டுபிடித்தது.

"சேச்சி, அது போன மாசம் போட்ட புது ஜாயிண்டு விட்டதாயிரிக்கும்" என்றேன்.

போன மாதம் எங்கள் பழைய இரும்புப் பைப்பை மாற்றிப் பிளாஸ்டிக் பைப் போட்டிருந்தோம். செய்தவர் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில், இவர் இங்கே ஒரு காண்ட்ராக்டரிடம் பிளம்பர் வேலை. என்னை அக்கா என்பார். வேலை நடந்த மூன்று நாளும் நான் கொடுத்த காப்பியைக் குடித்து, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அந்த மனிதரின் தலையில்தான் என் பழியைத் தூக்கி வைத்தேன்.

எங்கள் வீட்டுச் சாவி ஒன்று சேச்சியிடம் இருக்கும். ஆனால் மின்சாரம் தாக்கிவிடுமோ என்று அவர் மேலே ஏறப் பயந்தார். பக்கத்துச் சந்தில் அந்தப் பிளம்பர் வேலை செய்வதைப் பார்த்திருந்ததால் அவரையே கூப்பிடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சரி என்றேன். என் கணவர் ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறவர். அன்றைக்குக் கடை வேலையாக நாகர்கோவில் போயிருந்தார். ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லிக்கொண்டு நான் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே நினைப்புதான். திறந்து கிடக்கிற குழாயை அவர் பார்த்துவிடுவார். அல்லது அதற்குள் தண்ணீர் நின்றுபோயிருந்தால் கவனிக்காமலும் இருக்கலாம். கவனிக்கக் கூடாது என்று, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சாமியைக் கும்பிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது தரை துடைத்து முடிந்திருந்தது. பிளம்பர் கடைசித் துணியை வாளியில் பிழிந்துகொண்டிருந்தார். வொர்க் ஏரியாவில் குழாய் அடைத்திருந்தது. குடம் அதனடியில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அடுக்களை மேடையில் இருந்தது. விளிம்பு வரை தண்ணீர், மேலே ஒரு தட்டு போட்டு மூடியிருந்தது. நான் பார்த்தேன், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சேச்சி பின்னாலேயே வந்து, ஜாயிண்ட் பற்றி டீச்சர் சொன்னதை இவரிடம் சொல்லிவிட்டேன் என்றார். பிளம்பர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாத்துட்டேன்க்கா. இப்ப ஒழுக்கு இல்ல" என்றார்.

குழாயை யார் அடைத்தது என்று நான் கேட்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி நின்றேன். அவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

சாயங்காலம் கணவர் வந்ததும் அவரிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். அவர் நாஞ்சில் நாட்டு மனிதர், கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். பேசாமல் பீரோவைத் திறந்து வீட்டுக்கடன் காகிதக் கட்டை எடுத்தார். கடன் வாங்கியபோது பேங்கில் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்று சொல்லி என் பெயரில் ஒரு பாலிசி போட்டிருந்தார்கள். அதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் அதுவரை தோன்றியதில்லை. மறுநாள் காலை அவர் உதவி நம்பருக்குப் போன் போட்டு, பேசுவதை நானும் கேட்கும்படி வைத்தார்.

தண்ணீர் என்றால் தண்ணீர்தானே என்று நினைத்திருந்தேன். பாலிசிக்காரர்கள் அதற்குத் தனித்தனிப் பந்தி போட்டிருந்தார்கள். மழையில் ஓடை பெருகி வாசல் வழியாக உள்ளே வந்தால் உண்டு. பைப் திடீரென்று வெடித்தாலோ, மொட்டைமாடித் தொட்டி உடைந்தோ நிறைந்தோ கொட்டினாலோ உண்டு. சுவரில் நாள்பட ஊறிய கசிவுக்கு இல்லை, பூசணத்துக்கு இல்லை, காலாகாலத்தில் பழுது பார்க்காத கூரை ஒழுகினால் இல்லை. சாத்தாமல் விட்ட ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தாலும் இல்லை. எங்கள் பாலிசி கட்டிடத்துக்கு மட்டும்தான், வாடகைக்கு இருப்பவரின் கட்டிலும் மெத்தையும் அதில் சேராது. சேதத்தை உடனே தெரிவிக்க வேண்டும், துடைப்பதற்கு முன் போட்டோ எடுக்க வேண்டும், விழுந்ததை எறியாமல் வைத்திருக்க வேண்டும் என்றும் போனில் பேசிய பெண் சொன்னாள். நாங்கள் துடைத்து, எறிந்து எல்லாம் முடித்திருந்தோம்.

யாராவது மறந்துபோய்க் குழாயைத் திறந்து போட்டிருந்தால் என்று கணவர் வேறு யாருக்காகவோ கேட்கிற மாதிரி கேட்டார். சேதத்தைப் பார்க்க வருகிற சர்வேயர் என்ன எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது என்றாள். கொஞ்சம் யோசித்து, அப்படி இருந்தால் கிடைப்பது கஷ்டம் என்றும் சேர்த்தாள்.

போனை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

"நீ வெளிய என்ன சொன்னியோ அதுதான் நடந்தது. இனி அத மாத்தாண்டாம்" என்றார்.

அவரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் கீழே அந்த அறையின் கூரைப்பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும், ஒயரிங்கை மாற்ற வேண்டும், அதுவும் ஜூனில் தொடங்குகிற இடவப்பாதி மழைக்கு முன்னால் என்று ஆள் வந்து பார்த்துச் சொல்லியிருந்தார். சேச்சி கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டு, அங்கேயும் மேலே பார்த்தபடியே படுத்திருந்தார். கடன் தவணை வேறு ஓடிக்கொண்டிருந்தது. அதனால் நானும் தலையை ஆட்டினேன்.

ஜாயிண்ட் விட்டது என்று சொன்னால் அதைப் போட்டவரின் கடிதம் வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிளம்பர் வந்தார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணவர் பிளம்பரே எழுதுவதுபோலக் கடிதத்தை எழுதினார். என் கையால் பொருத்திய இணைப்பு சரியாக ஒட்டாமல் திடீரென்று பிரிந்ததால் தண்ணீர் கொட்டியது என்கிற மாதிரி நாலு வரி. பிளம்பர் அதை விரல் வைத்து வரி வரியாகப் படித்தார்.

"இதுல எனக்கு ஒண்ணும் வராதுல்லா சார்?" என்று கேட்டார்.

கம்பெனிக்குக் கொடுக்கிற வெறும் காகிதம்தான் என்று கணவர் சொன்னார். பிளம்பர் ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாக ஒன்றும் இல்லை, காத்திருக்கிற பார்வை. நான் காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது தமிழில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். அன்றைக்குக் காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேலை காண்ட்ராக்டரின் பில்லில் நடந்தது என்பதால் அவருடைய கையெழுத்தும் தேவைப்பட்டது. சனிக்கிழமை கணவர் போய் அதையும் வாங்கி வந்தார். சர்வேயர் புதன்கிழமை வருவதாகச் செய்தி வந்தது.

அந்த நாட்களில் வகுப்பில் சின்ன விஷயத்துக்கெல்லாம் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். ஒரு பெண் வீட்டுப்பாடம் எழுதாமல், நோட்டு நனைந்துபோச்சு டீச்சர் என்றாள். பொய் சொல்லாதே என்று கத்தினேன். அவள் நோட்டை எடுத்துக் காட்டினாள், நிஜமாகவே நனைந்திருந்தது. வகுப்பு முழுக்கப் பார்க்க அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். தென்காசி பஸ் நிற்கிற பக்கம் அந்தப் பிளம்பர் நின்றிருந்தார். தோளில் சாமான் பை, காலடியில் ஒரு சாக்கு, கையில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம். என்னைப் பார்த்ததும் அவர்தான் முதலில் சிரித்தார்.

கொஞ்ச நாள் ஊரில் இருக்கலாம் என்று போவதாகச் சொன்னார். சாமான் பையோடா என்று கேட்டேன். சாக்கைக் காலால் ஓரமாக நகர்த்தினார். மறுபடி கேட்ட பிறகு, ஊரில் வெயில் எப்படி என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். காண்ட்ராக்டர் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஜாயிண்ட் ஒட்டத் தெரியாதவன் என்று எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்திருக்கிறாய், உன்னை இனி எந்த வீட்டுக்கு நம்பி அனுப்புவேன் என்று கேட்டிருக்கிறார். பெரிய மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடக்கிறது, இந்த நேரத்தில் அப்பன் பக்கத்தில் இருப்பதும் நல்லதுதான் என்று எனக்கே சமாதானம் சொன்னார்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அந்த இரண்டுமாக நாங்கள் எதிரெதிரே நின்று பேசிக்கொண்டிருந்தோம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ் கிளம்ப ஐந்து நிமிடம் இருந்தது.

"பாத்துப் போயிட்டு வாங்க" என்றுதான் சொன்னேன். அவர் சாக்கைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சண்டை போட்டேன். வெறும் காகிதம் என்று சொன்னீர்களே என்று கேட்டேன். அவருக்கும் முகம் கறுத்துவிட்டது. கிளெய்ம் வரட்டும், அந்த ஆளுக்கு ஏதாவது செய்வோம் என்றார். அவரோடு சண்டை போட்டது என் மேலிருந்த ஆத்திரத்தில்தான் என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு மணி நேரம் கத்தினேன்.

புதன்கிழமை லீவு போட்டேன். காலையில் குழாயைத் திருகினால் காற்றுகூட வரவில்லை, மறுபடி எங்கோ தோண்டியிருக்கிறார்கள். துவாரத்துத் துணியை மட்டும் தண்ணீர் கொட்டிய அன்றைக்கே எடுத்து எறிந்திருந்தேன். சர்வேயர் உட்கார நாற்காலியைத் துடைத்தேன், பாலிசிக் காகிதத்தையும் கடிதத்தையும் மேசையில் எடுத்து வைத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று வீட்டைச் சுற்றி இரண்டு தடவை நடந்து பார்த்தேன்.

சர்வேயர் பத்து மணிக்கு வந்தார். ஐம்பது வயதுக்காரர், மெலிந்த உடம்பு, மலையாளத்தில்தான் பேசினார். முதலில் கீழே போய்க் கூரையைப் போட்டோ எடுத்தார். ஈரம் எதுவரை பரவியிருக்கிறது என்று டேப் வைத்து அளந்தார். பழைய கறை ஏதும் உண்டா என்று டார்ச் அடித்துத் தேடினார். நாள்பட்ட கசிவு இல்லை, ஒரே நாளில் இறங்கின தண்ணீர்தான் என்று அவரே சொன்னபோது கணவர் மூச்சு விட்டதை நான் கேட்டேன். பிறகு மேலே வந்து ஜாயிண்டைக் காட்டச் சொன்னார். சுவரோரம் குனிந்து, அதைச் சுற்றிக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். பிரிந்ததை அதே ஆள் திரும்ப ஒட்டிவிட்டார் என்று கணவர் சொன்னார். சர்வேயர் இன்னொரு தடவை தடவிப் பார்த்தார்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிவத்தை விரித்தார். கடிதத்தைப் படித்து ஒரு பக்கமாக வைத்தார். பாலிசி என் பெயரில் இருப்பதால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். பெயர், விலாசம், வீட்டின் வயது எல்லாம் எழுதிக்கொண்டு, அடுத்த கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சேதத்துக்கு என்ன காரணம் என்று கேட்டார். ஒரு வார மனப்பாடம், நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தேன்.

அடுக்களைக்குப் பின்னாலிருந்து புஸ்ஸென்று காற்று சீறியது. அடுத்து கணகணவென்று குடம் அடித்தது.

நான் ஓடினேன். யோசித்து ஓடவில்லை, நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்ததுகூடத் தெரியாது. வொர்க் ஏரியாவில் குழாய்க்கு அடியில் எவர்சில்வர் குடம் இருந்தது, தண்ணீர் அதில் குதித்துக்கொண்டிருந்தது. காலையில் காற்று வராத குழாயைத் திருகியவள் அப்படியே திறந்து விட்டு, குடத்தையும் வைத்திருக்கிறேன். வைத்தது எனக்கே நினைவில்லை. வீடு முழுவதையும் இரண்டு தடவை சுற்றிப் பார்த்த கண்ணுக்கு அது தெரியவும் இல்லை. குழாயைப் பிடித்தபடி திரும்பினால் அடுக்களை வாசலில் சர்வேயர் நின்றிருந்தார்.

குடத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், துவாரத்தைப் பார்த்தார். பிறகு தமிழில் கேட்டார்.

"டீச்சருக்கு ஊரு எது?"

சொன்னேன்.

"எனக்கு விளாத்திகுளம். எங்க வீட்லயும் குடந்தான் எழுப்பும்" என்றார். சிரிக்கிற மாதிரி இருந்தது, சிரிக்கவில்லை. "அன்னைக்கும் இப்படித்தானா?"

அவருக்குப் பின்னால் கணவர் நின்றிருந்தார். வேண்டாம் என்று அவர் கண்ணைக் காட்டவில்லை, சொல் என்றும் காட்டவில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்று பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு எட்டாவது நாள். குழாயைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"ஆமா. தெறந்து போட்டுட்டு பஸ் ஏறிட்டேன். ஜாயிண்டுக்கு ஒண்ணும் ஆகல. அது நான் சொன்ன பொய்" என்றேன்.

சர்வேயர் பாராட்டவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. மேசைக்குத் திரும்பிப் பேனாவை எடுத்தார். இதை இப்படியே எழுதினால் பெரும்பாலும் கம்பெனி ஒத்துக்கொள்ளாது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். பைப் உடைவதும் தொட்டி வழிவதும் தானாக நடக்கிற விபத்து, திறந்த குழாயைத் திறந்தவர் கணக்கில்தான் வைப்பார்கள் என்று விளக்கினார். எழுதச் சொன்னேன். எழுதி, என்னைப் படித்துப் பார்க்க வைத்து, கையெழுத்து வாங்கினார். பிளம்பரின் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். அதில் சொன்னது உண்மையில்லை என்று தனியாக ஒரு காகிதத்தில் என்னை எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு, கடிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். அந்தக் குடத்திலிருந்துதான் மொண்டு கொடுத்தேன்.

அவர் போனதும் நேராகக் கீழே இறங்கிப் போய்ச் சேச்சியிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டார். பத்து நாள் என்னோடு பேசவில்லை. கம்பெனி கிளெய்மை மறுத்து எழுதிய கடிதம் அடுத்த மாதம் வந்தது. அதற்கு முன்பே என் வளையல்கள் பேங்குக்குப் போய், சேச்சியின் கூரை புதிதாகி, கட்டில் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது.

ஆனால் அந்தப் புதன்கிழமையை முடிக்காமல் போக முடியாது. மத்தியானம் காண்ட்ராக்டருக்குப் போன் செய்தேன். உள்ளதைச் சொல்லிவிட்டு, அந்த ஆளைத் திரும்பக் கூப்பிடுங்கள், அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை என்றேன். அவர் மலையாளத்தில் என்னை நாலு வார்த்தை கேட்டார். கேட்க வேண்டியவைதான், கேட்டுக்கொண்டேன். கூப்பிடுகிறேன் என்று கடைசியில் சொன்னார். பிறகும் பிளம்பருக்குப் போன் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் கணவர்தான் அந்த நம்பரைத் தேடி எடுத்து, மணி அடிக்க விட்டு, போனை என் கையில் கொடுத்தார்.

பிளம்பர் எடுத்தார். பின்னால் கோழிகள் கத்துகிற சத்தம். சர்வேயரிடம் சொன்னதை அவரிடமும் சொன்னேன். குழாயைத் திறந்து போட்டது நான், உங்கள் ஜாயிண்ட் நன்றாக இருந்தது, காண்ட்ராக்டரிடமும் சொல்லிவிட்டேன், என்னை மன்னியுங்கள் என்றேன்.

"தெரியும்க்கா. நான்தானே அடச்சேன்" என்றார்.

தெரிந்துமா கையெழுத்துப் போட்டீர்கள், அன்றைக்கே சேச்சி முன்னால் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நாலு பேருக்கு முன்ன ஒங்கள எப்பிடிக்கா சொல்லுவேன்? நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்." கோழி ஒன்றை விரட்டிவிட்டுச் சொன்னார். "ஒங்களுக்குப் புரியட்டும்னுதான் கொடத்தக் கொட்டாம, மேடைல தூக்கி வச்சு, தட்டு போட்டு மூடிட்டு வந்தேன். நீங்க பாக்கலியாக்கா?"

"பாத்தேன்" என்றேன்.